அவசர டப்பா

அவளுக்கு மந்திரி என்று பெயர் வைத்தவள் சுருட்டை. முழுப்பெயர் நிதி மந்திரி. கூப்பிட நீளமாக இருக்கிறது என்று நிதியை வெட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்களைத் தவிரக் கல்லூரியில் யாரும் அவளைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. சுருட்டைக்கு அவளுடைய தலைமுடிதான் பெயர். மூன்றாமவள் ஒட்டடைக்குச்சி, வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். அவளைச் சுருக்கி ஒட்டடை ஆக்கியிருந்தார்கள். மூன்று பேரும் இரண்டாம் ஆண்டு. விடுதிக் கட்டணம் கட்டி மாளாமல் வெளியே வந்து, கல்லூரியின் பின்தெருவில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கடையின் நீராவி மாடிப்படி வழியாக ஏறி வரும். வீடு எப்போதும் இஸ்திரி போட்ட துணியின் வாசனையோடு இருக்கும்.

"நாம போட்டுக்கிட்டிருக்கிறது அழுக்குத் துணின்னு யாருக்கும் தெரியாது. வாசனைய வெச்சு ஓட்டிடலாம்" என்பாள் சுருட்டை.

மந்திரி வணிகவியல் மாணவி. ஆனால் பணத்தை இறுக்கிப் பிடிக்க அவள் கற்றுக்கொண்டது வகுப்பறையில் இல்லை. அவள் ஒன்பதாவது படிக்கும்போது, கார் மெக்கானிக்கான அப்பா வாடகை பாக்கி வைத்தார். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுச் சாமான்கள் தெருவில் கிடந்தன. வாளி, மெத்தை, அம்மாவின் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் மேலே கொடியிலிருந்து அப்படியே உருவிப் போட்ட அவளுடைய உள்ளாடைகள். அந்தத் தெருவழியாகத்தான் பள்ளிப் பேருந்து போகும். போயிற்று. ஜன்னல்களில் தெரிந்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது ஒன்றுதான். எது இல்லாவிட்டாலும் வாடகை இருக்க வேண்டும்.

அதனால்தான் மூன்று பேரும் சேர்ந்து குடியேறியபோது கணக்கை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற இருவருக்கும் விட்டது தொல்லை என்றிருந்தது. மாதம் பிறந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று மந்திரியிடம் கொடுத்துவிட வேண்டும். அடுப்படி அலமாரியில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். ஒன்று வாடகைக்கு, ஒன்று சாப்பாட்டுக்கும் கேஸுக்கும், மூன்றாவது அவசரத்துக்கு. மாதாமாதம் கொஞ்சம் அவசர டப்பாவில் விழும். அதைத் தொடவேண்டும் என்றால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது மந்திரி போட்ட சட்டம்.

"இன்னொரு சட்டமும் போடு. பாக்கி வெச்சிருக்கிறவ அந்த டப்பாவத் தொடவே கூடாது" என்றாள் சுருட்டை. மாதம் தவறாமல் தாமதமாகப் பணம் தருகிற ஒட்டடையைக் கேலி செய்வதற்காகச் சொன்னது. மூன்று பேரும் சிரித்தார்கள். சட்டம் நிறைவேறியது.

முதல் சில மாதங்கள் அது நன்றாகத்தான் நடந்தது. விடுதியில் இருந்தபோது மாதக் கடைசியில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவர்கள், இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். மந்திரி காய்கறிக் கடைக்குச் சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போவாள். அரை விலைக்கு வாங்கி வருவாள். மின்விசிறியைத் தேவையில்லாமல் சுற்றவிட்டால் கத்துவாள். ஷாம்பு பாக்கெட்டை வெட்டி உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து எடுப்பாள். "இவளக் கட்டிக்கப்போறவன் உப்புக்கும் கணக்குச் சொல்லணும்" என்று ஒட்டடை சொல்வாள். சொன்னாலும், மந்திரி இருக்கிற தைரியத்தில்தான் அவர்கள் கவலையில்லாமல் இருந்தார்கள். அது மந்திரிக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

சுருட்டைக்கு அப்பா மட்டும்தான். வேறொரு ஊரில், இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வெல்டர். இரண்டாம் வருடத்தின் நடுவில் பட்டறைக்கு வேலை வருவது குறைந்து, முதலாளி பாதிச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார். அந்த மாதம் சுருட்டையின் பங்கு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

மந்திரி கேட்காமல் இல்லை. திட்டவும் இல்லை. காலையில் டீ ஆற்றும்போது சாதாரணமாகக் கேட்பாள், "அப்பாகிட்டேருந்து ஏதாவது வந்துச்சாடி?" என்று. அந்த ஒரு கேள்விக்காகவே சுருட்டை டீக்கு வராமல் சீக்கிரம் குளித்துக் கிளம்பிவிடுகிற நாட்கள் வந்தன. பிறகு அவளாகவே கீழே லாண்டரிக் கடையில் சாயங்கால வேலைக்குச் சேர்ந்தாள். தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. சம்பளம் மாதக் கடைசியில்.

"சம்பளம் வந்ததும் மொத்தமா தீத்துடறேன், மந்திரி. அதுவரைக்கும் என்ன ஆட்சியக் கவுத்த எதிர்க்கட்சி மாதிரி பாக்காத" என்றாள்.

"நான் எப்படிடி பாத்தேன்?"

"அப்படித்தான் பாக்கற. உனக்கே தெரியல."

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்காரர் படியேறி வந்தார். அடுத்த தெருவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. "ஒண்ணாந்தேதியிலேருந்து வாடகை ஏறுது. அட்வான்ஸும் ஏத்திக் குடுக்கணும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. ஒரு குடும்பம் கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்கும் காலேஜ் பசங்கள விடக் குடும்பம்னா நிம்மதி."

"குடுத்துடறோம் சார்" என்றாள் மந்திரி. மற்றவர்களைக் கேட்கக்கூட இல்லை.

அவர் போனபின் அவசர டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணினாள். சாப்பாட்டு டப்பாவில் இருப்பதையும் சேர்த்து, அந்த வாரம் முட்டையையும் பாலையும் நிறுத்தினால் எப்படியோ சரிக்கட்டிவிடலாம் என்று தெரிந்தது. "இது அவசரம்தானே?" என்று கேட்டாள். இருவரும் தலையாட்டினார்கள். தெருவில் சாமான் கிடப்பதைவிட வேறு என்ன அவசரம் இருக்கிறது? அவளைப் பொறுத்தவரை அந்தப் பணம் அப்போதே செலவாகிவிட்டது. டப்பாவில் இருந்தாலும் அது வீட்டுக்காரருடையது.

மறுநாள் சாயங்காலம் சுருட்டை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"என்னடி?"

"வயிறு. கேன்டீன்ல என்னத்தையோ தின்னேன்."

"நீ எங்கடி கேன்டீன்ல தின்ன? காசு ஏது?" என்று ஒட்டடை சிரித்தாள். சுருட்டையும் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் குமட்டிக்கொண்டு வந்து குளியலறைக்கு ஓடினாள். வாந்தியில் ஒன்றுமே இல்லை. மஞ்சள் தண்ணீர்தான். திரும்பி வந்து பாயில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கிளினிக் கூட்டிட்டுப் போலாமா?" என்றாள் ஒட்டடை.

தெருமுனையில் ஒரு கிளினிக் இருந்தது. போன வருடம் கால் சுளுக்கிக்கொண்டு ஒட்டடை அங்கேதான் போனாள். சுளுக்குக்கு எக்ஸ்ரே, எக்ஸ்ரேக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, கடைசியில் ஒரு தைலம். அந்த மாதம் அவளுடைய கைப்பணம் முழுவதும் அதிலேயே போயிற்று.

"அங்க காலெடுத்து வெச்சா சும்மா விட மாட்டாங்க. ஸ்கேன் அது இதுன்னு தீட்டிடுவாங்க" என்றாள் மந்திரி. பிறகு சுருட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பெரிய சூடு இல்லை. "ரொம்ப வலிக்குதாடி? உண்மையச் சொல்லு. ரொம்பன்னா போலாம்."

சுருட்டை கொஞ்சநேரம் அவளையே பார்த்தாள்.

"இல்லடி. மாத்திர போட்டா சரியாயிடும். பாக்கிக்காரி டப்பாவத் தொடக்கூடாதுன்னு நான்தானே சட்டம் போட்டேன்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்தால் வலிக்கிறது என்று சுருட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

மந்திரிதான் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கேட்டார், "வலி எங்க? நடுவுலயா, ஓரமாவா?"

அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வரவில்லை. "நடுவுலதான்னு நினைக்கிறேன்."

"காஸ்ட்ரிக்கா இருக்கும். இதப் போட்டுப் பாருங்க. கேக்கலன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க." வாயு மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்தார். சில்லறையில் முடிந்துவிட்டது. மந்திரிக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த நாள் சுருட்டை கல்லூரிக்குப் போகவில்லை. மற்ற இருவருக்கும் செய்முறைத் தேர்வும் வருகைப் பதிவும் இருந்தன. தலைமாட்டில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது ரொட்டி அப்படியே இருந்தது. வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. வலது காலை நீட்டினால் வலிக்கிறது என்றாள். வலி மாத்திரை போட்டதும் கொஞ்சம் அடங்குகிறது, பிறகு மறுபடி வருகிறது.

ஒட்டடை மந்திரியை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், "எனக்கு என்னமோ பயமா இருக்குடி" என்றாள்.

"நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அங்க காசு கேக்க மாட்டாங்க. ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான்."

"இன்னிக்கே போலாமே. டாக்ஸி பிடிச்சு."

"டாக்ஸிக்கு எவ்வளவு கேப்பான் தெரியுமா? நாளன்னிக்கு ஒண்ணாந்தேதி." மந்திரி குரலைத் தாழ்த்தினாள். "அட்வான்ஸுல ஒரு ரூபா குறைஞ்சாலும் அந்த ஆள் நம்மள வெளிய தள்ளிட்டுத்தான் மறுவேலை பாப்பான். அப்புறம் மூணு பேரும் எங்கடி போவோம்? அவ எங்க போவா?"

ஒட்டடை ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு சுருட்டையிடம் திரும்பிப் போனாள்.

காலையில் மந்திரி எழுந்தபோது சுருட்டை விழித்துக்கொண்டு நேராகப் படுத்திருந்தாள். கால் நீட்டியிருந்தது. "வலி போயிடுச்சுடி" என்றாள். அவளுக்கே நம்பமுடியவில்லை. "சட்டுன்னு விட்டுடுச்சு."

எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் டீ குடித்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் சிரித்தாள். இன்றைக்கு ஒருநாள் படுத்து எழுந்தால் மறுபடி விரிப்பு மடிக்கப் போய்விடலாம் என்றாள். மந்திரி ஒட்டடையைப் பார்த்து, "பாத்தியா?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். பெரியாஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது.

ஒட்டடை கல்லூரிக்குக் கிளம்பினாள். மந்திரி டப்பாக்களில் இருந்ததையெல்லாம் ஒரு உறையில் போட்டுக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனாள். ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. வீட்டுக்காரர் இரண்டு தடவை எண்ணினார். "பரவாயில்லையே. சொன்னபடி குடுத்துட்டீங்களே" என்றார். மிச்சமிருந்த சில்லறையில் அவள் மூன்று முட்டை வாங்கினாள். சுருட்டைக்குத் தெம்பாக இருக்கும். வெயில்கூட அன்றைக்கு இதமாக இருப்பதுபோல் தெரிந்தது. வீடு நிலைத்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது.

கதவைத் திறந்தபோது சுருட்டை இரண்டு போர்வைகளுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. தொட்டால் அடுப்பில் வைத்த பாத்திரம்போலச் சுட்டது. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள் மந்திரி. வயிறு வயிறாக இல்லை, பலகையாக இருந்தது. சுருட்டை கண்ணைத் திறந்து, "அப்பா, கண்ணாடி போட்டுக்கிட்டு வெல்டிங் வைப்பா" என்று யாரிடமோ சொன்னாள்.

மந்திரி மாடிப்படியில் நின்று கத்தினாள். லாண்டரிக் கடைக்காரர் ஓடி வந்து, ஒரு விரிப்பில் சுருட்டையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். டாக்ஸிக்கு அவர்தான் பணம் கொடுத்தார். அப்போது மந்திரியின் கையில் இருந்தது முட்டை வாங்கிய மிச்சம் மட்டும்தான்.

பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்த உடனேயே நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு மந்திரியிடம் திரும்பினார். "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"முந்தாநாளா? இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"காலைல வலி போயிடுச்சுன்னு சொன்னா, டாக்டர்."

"வலி போகல. குடல்வால் உடைஞ்சிருக்கு. உடைஞ்சா அப்படித்தான் கொஞ்சநேரம் சுகமா இருக்கும்." அவர் நர்ஸோடு உள்ளே விரைந்தார்.

அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது என்றார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். பணம் மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. மறுநாள் சுருட்டையின் அப்பா வந்து சேர்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். உள்ளே விட்டபோதெல்லாம் போய், மகளின் முடியை ஒதுக்கிவிட்டு வந்தார். சுருட்டைக்கு நினைவு திரும்பவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் செத்துப்போனாள்.

உடலை அவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, மகளின் சாமான்களை எடுக்கத் திரும்பி வந்தார்.

ஒட்டடையும் மந்திரியும் சேர்ந்து துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு முன்கைகளிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள். "அவ எங்க படுப்பா?" என்று கேட்டார். ஜன்னலோரத்தைக் காட்டினார்கள். அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். "ரெண்டு மாசம் அவ பங்கு நிக்குதுன்னு போன்ல சொல்லியிருந்தா. இது ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு முதலாளிகிட்ட கடனா வாங்கினேன். அங்க கேக்கல. இத வெச்சுக்கங்க."

"வேணாம்ப்பா. ஐயோ, வேணாம்" என்றாள் ஒட்டடை.

"வாங்கிக்கம்மா. மாசாமாசம் நான் ஒழுங்கா அனுப்பியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்பா. பட்டறையில நின்னு முட்டாள் மாதிரி அடுத்த வாரம், அடுத்த வாரம்னு..." அவர் பணத்தை நாற்காலியில் தன் பக்கத்திலேயே வைத்தார். "பெத்தவன் கையில காசில்லாம பொண்ணக் கொன்னுட்டேன்."

மந்திரி அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"பணம் இருந்துச்சுப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"என்கிட்ட இருந்துச்சு. மூணு பேரும் அவசரத்துக்குன்னு சேத்த பணம். வீட்டு அட்வான்ஸுக்கு வேணும்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"எவ்வளவு?"

சொன்னாள். அவர் உதடு அசைந்தது. அந்தத் தொகையை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"அவ கேட்டாளா?"

"இல்லப்பா."

"நீ தரேன்னு சொன்னியா?"

"ரொம்ப வலிச்சா போலாம்னு சொன்னேன்."

"ரொம்ப வலிச்சா" என்றார் அவர். வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று மந்திரி காத்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அப்ப காசில்லாம அவ சாகல" என்றார்.

பணம் நாற்காலி மேலேயே இருந்தது. மந்திரி அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார், "வெச்சுக்க. பாக்கி வெச்சுட்டுப் போனான்னு எம்பொண்ண ஒருத்தரும் சொல்லக்கூடாது."

அன்றைக்கு வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. இருட்டும் நேரத்தில் ஒட்டடை, "உன்ன மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"சரியாத்தானே சொன்னாரு?"

"என் அக்கவுன்ட்ல பணம் இருந்துச்சுடி. புது போன் வாங்கறதுக்குச் சேத்து வெச்சிருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அன்னிக்கு அடுப்படியில நின்னு பேசினோமே, அப்பக்கூட ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டா மறுபடி சேக்க முடியாதுன்னு சும்மா இருந்துட்டேன். நீதானே மந்திரி, நீ பாத்துப்பன்னு விட்டுட்டேன்."

மந்திரி அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. 

ஒட்டடை அந்த வாரமே தூரத்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கல்லூரியில் எதிரெதிரே வந்தால் இருவரும் நின்று, நல்லா இருக்கியா என்று கேட்டுக்கொள்வார்கள். மேலே பேச்சு வராது. தனியாக அந்த வாடகையைக் கொடுக்க மந்திரியால் முடியாது. காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, தேர்வுக்கு முந்தைய விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு எப்படிடி தெரியும்? நீ என்ன டாக்டரா? வயித்துவலி யாருக்குத்தான் வரல? விதி முடிஞ்சுபோச்சு அந்தப் பொண்ணுக்கு" என்றாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மந்திரி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுகை அடங்கும் சமயத்தில் அம்மா கேட்டாள்:

"அந்த அட்வான்ஸ் திரும்ப வந்துச்சா?"

மந்திரி தலையைத் தூக்கினாள்.

"கேக்கல."

"கேளு. விட்டுடாத. அந்த மாதிரி ஆளுங்க வாயத் திறக்கலன்னா அப்படியே அமுக்கிடுவாங்க." அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அம்மாவின் முகத்தில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதுதான் மந்திரிக்குத் தாங்கவில்லை. தானும் இதே முகத்தோடுதான் சுருட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்போம் என்று தோன்றியது.

தேர்வு எழுதினாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கை தானாக எழுதியது. எல்லாப் பாடத்திலும் தேறினாள். வீட்டுக்காரரிடமும் போய்க் கேட்டாள். அவர் சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாற்ற என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். "சாவு நடந்த வீடுன்னு வேற பேராயிடுச்சு" என்று முணுமுணுத்தார். செத்தது வீட்டில் இல்லை என்று அவள் அவரிடம் வாதாடவில்லை.

அதில் பாதியை ஒட்டடையிடம் கொண்டுபோனாள். ஒட்டடை கையால் தொடவில்லை. இரண்டு பங்கையும், சுருட்டையின் அப்பா நாற்காலியில் விட்டுப் போன பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மந்திரி அவருடைய ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பட்டறை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கியவர் அவளைப் பார்த்ததும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம், "எம்பொண்ணுகூடப் படிச்ச பொண்ணு" என்றார்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்ப்பா."

பொய் என்று தெரிந்ததோ என்னவோ, எதிர்க்கடையில் டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பரீட்ச எழுதினியா?"

"எழுதினேன்."

"பாஸா?"

"பாஸ்ப்பா."

"நல்லது."

அவள் உறையை நீட்டினாள். வாங்க மாட்டார், ஏதாவது சொல்லி மறுப்பார் என்று வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி, எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளியின் கடன் இன்னும் அடையாமல் இருந்திருக்கும்.

"என்ன மன்னிச்சுடுங்கன்னு கேக்க வரலப்பா" என்றாள் மந்திரி. "எப்பவாவது உங்களுக்கு ஏதாவது வேணும்னா... நான் அப்பப்ப வந்து பாக்கறேன்."

அவர் சாலையைப் பார்த்தார். லாரி ஒன்று போய் மறைந்தது.

"வேணாம்மா. இனிமே வராத. உன்மேல கோவம்னு இல்ல. இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு, அது கிடக்கட்டும். நீ அந்த வளைவுல திரும்பி வந்தப்ப, பின்னாடியே அவளும் வருவான்னு பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் என்னால அப்படிப் பாக்க முடியாது."

அவள் தலையசைத்தாள். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவரே அதை வாங்கிக்கொண்டார்.

"பஸ் அந்தப் பக்கம் நிக்கும். ரோட்டப் பாத்துக் கடந்து போ" என்றார். முகமூடியை இறக்கிக்கொண்டு கேட்டின் முன்னால் மறுபடி குந்தினார்.

மந்திரி சாலையைக் கடந்து போய் நின்றாள். அவர் சொன்னதை மீறி அவள் அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஒருபோதும் போகவில்லை.